காரைத் தாழ்த்தும் முன் வேகத்தடையைப் பாருங்கள்

காலை ஏழரை மணிக்கு ஜூஜூவாடி எல்லையில் நின்று பார்த்தால், ஓசூரின் கார் ரசனை பத்தே நிமிடத்தில் கண்முன்னே ஓடிவிடும். டி.என்.70, டி.என்.24, நடுநடுவே கே.ஏ.51 பதிவெண்கள். கம்பெனி பஸ்களுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் இடையில் ஒரு சிவப்பு போலோ ஜி.டி., ஒரு ஐ20 என் லைன், கறுப்பு அலாய் வீல் மாட்டிய ஒரு ஸ்விஃப்ட். அத்திப்பள்ளி டோலைத் தாண்டி பொம்மசந்திராவுக்கோ எலெக்ட்ரானிக் சிட்டிக்கோ வேலைக்குப் போகிறவர்களின் கார்கள் இவை. பந்தயக் கார்கள் இல்லைதான். ஆனால், 'வெறும் ஆபீஸ் வண்டி' என்று சொன்னால் உரிமையாளருக்குக் கோபம் வந்துவிடும்.

டயர், அலாய், ஸ்பீக்கர் எல்லாம் மாற்றி முடித்த பிறகு இவர்கள் வந்து நிற்கும் இடம் சஸ்பென்ஷன். அதிலும் 'கோய்லோவர்' என்ற பெயர் காதில் விழுந்துவிட்டால் தூக்கம் போச்சு. ஷாக் அப்சார்பரும் அதன்மேல் சுருள் ஸ்பிரிங்கும் ஒரே தொகுப்பாக வரும். ஷாக்கின் உடம்பில் மரை வெட்டியிருக்கும். ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை ஸ்பேனரால் திருகினால் கார் உயரும் அல்லது தாழும். விலை கூடிய கிட்டுகளில் ஷாக் எவ்வளவு இறுக்கமாக வேலை செய்ய வேண்டும் என்பதையும் ஒரு குமிழைத் திருப்பி மாற்றலாம். இறக்குமதி வரியெல்லாம் சேர்ந்து ஒரு லட்சம் ரூபாயை ஒட்டியும், அதைத் தாண்டியும் போகிற சமாச்சாரம் இது.

அட்ஜஸ்டபிள் சஸ்பென்ஷன் ஓசூருக்குப் புதிதல்ல. இங்கேயே தயாராகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர்.310 பைக்குக்கு, 2021-ல் 'பில்ட் டு ஆர்டர்' என்று ஓர் ஏற்பாடு வந்தது. அதில் 'டைனமிக் கிட்' என்று ஒன்று. அறிமுகமானபோது கூடுதலாக 12,000 ரூபாய் கட்டினால், முன்னும் பின்னும் அட்ஜஸ்ட் செய்யக்கூடிய சஸ்பென்ஷன் ஃபேக்டரியிலேயே மாட்டி வரும். அதில் ப்ரீலோட், கம்ப்ரஷன், ரீபவுண்ட் என மூன்றையும் ஓட்டுபவர் மாற்றிக்கொள்ளலாம். தன் எடைக்கு ஏற்ப, தான் ஓட்டும் ரோட்டுக்கு ஏற்ப. கவனிக்க வேண்டிய விஷயம், அந்த மூன்றில் எதுவும் வண்டியைப் பார்வைக்குத் தாழ்வாகக் காட்டுவதற்கானது அல்ல.

காரில் கதை தலைகீழ். கிட் வாங்கியதும் முதலில் திருகப்படுவது உயரம்தான். வீலுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மூடினால் கார் அழகாகத் தெரியும் என்பது உண்மை. போட்டோவில் இன்னும் அழகு. ஆனால் தினமும் ஓட்டுகிற காருக்கு உயரத்தைவிட முக்கியமானது ஷாக்கின் டேம்பிங். செலவழிக்கிற லட்சத்தில் பெரும்பங்கு அதற்குத்தான் போக வேண்டும்.

ஏன் என்று புரிய, ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் அமுங்கி, மறுபடி எழும்பும். அதை அப்படியே விட்டால் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக். உள்ளே எண்ணெய், சிறு துளை வால்வுகள் வழியாகப் பிழிந்து தள்ளப்படும். ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறி வெளியேறும். அமுங்கும்போது தடுப்பது கம்ப்ரஷன். எழும்பும்போது தடுப்பது ரீபவுண்ட். சாதாரணக் குடும்பக் கார் ஒரு நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை ஆடும் விதத்தில் ஸ்பிரிங் வைக்கப்பட்டிருக்கும். ஸ்போர்ட்டி கார்கள் இரண்டை நெருங்கும். 1-ஐ 2 ஆக்க ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு கடினமாக்கினால் போதாது, நான்கு மடங்கு ஆக்க வேண்டும். 'கொஞ்சம் டைட்டாக இருக்கட்டும்' என்று சொல்லிப் பொருத்தியவர்கள், அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று முதல் வேகத்தடையில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். வளையத்தை மேலே திருகி ஸ்பிரிங்கை இறுக்கினால் சஸ்பென்ஷன் கடினமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சுற்றுகள் ஒரே சீராக இருக்கும் ஸ்பிரிங்கில் அப்படி நடக்காது. கார் உயரும், அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் அமுங்க முன்பு எத்தனை கிலோ தேவைப்பட்டதோ, பிறகும் அத்தனையேதான்.

இனி குடும்பத்தைக் காரில் ஏற்றுவோம். திங்கள் முதல் வெள்ளி வரை காரில் ஓட்டுபவர் மட்டும், எழுபது கிலோ. ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போகலாம் என்று அப்பா, அம்மா, மனைவி, குழந்தை, பைகள் எல்லாம் ஏறினால் மேலும் சுமார் 240 கிலோ. காரின் எடையே ஏறத்தாழ ஒரு டன்தான். இந்தக் கூடுதல் எடையில் பெரும்பங்கு, சொல்லப்போனால் 160 கிலோ, பின் சக்கரங்களில் விழும். ஒரு சக்கரத்துக்கு 80 கிலோ. ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ தேவைப்படும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொண்டால், பின்பக்கம் 40 மில்லிமீட்டர் இறங்கும். ஏற்கெனவே அழகுக்காக 40 மில்லிமீட்டர் தாழ்த்தியிருந்தால், மொத்தம் 80. அதற்குமேல் பள்ளத்தில் அமுங்க இடமே இருக்காது. ஷாக்கின் கடைசியில் இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர்க் கட்டையின் மேல்தான் குடும்பம் உட்கார்ந்திருக்கும்.

அதற்குத்தான் கிட்டில் கடினமான ஸ்பிரிங் வருகிறதே என்று கேட்கலாம். 4 கிலோ ஸ்பிரிங் போட்டால் 20 மில்லிமீட்டர்தான் இறங்கும், சரி. ஆனால் திங்கட்கிழமை தனியாக ஓட்டும்போது அதே பின்பக்கம் குதிக்கும். இது புரிய ஓசூர்க்காரர்களுக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. காலி லாரியின் பின்பக்கம் எப்படித் துள்ளுகிறது என்று சிப்காட் ரோட்டில் தினமும் பார்க்கிறார்கள். அதன் பட்டை ஸ்பிரிங் பல டன் சுமைக்காகச் செய்தது. சுமை ஏறினால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும்.

"ஏன்பா, ஷாக் போயிடுச்சா?" என்று பின் சீட்டில் இருக்கும் அப்பா கேட்பதும், "இல்லப்பா, இப்பதான் புதுசா போட்டேன்" என்று மகன் முணுமுணுப்பதும் இந்தக் கணக்கு தப்புவதால்தான். தொப்பூர் இறக்கத்திலும், அதன்பிறகு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் நிறைந்த காரின் பின்பக்கம் ஷாக்கின் பிடியில் இல்லாமல் ரப்பரில் முட்டிக்கொண்டே போவது வெறும் முதுகுவலி விஷயம் இல்லை. டயர் ரோட்டை விட்டு எழும்பும் அந்தச் சில நொடிகளில் பிரேக்குக்கும் பிடிமானம் குறைவு.

அடுத்து வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-ல் வகுத்த அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும், 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். ஸ்விஃப்ட்டின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரமே 2.45 மீட்டர்தான். அதாவது விதிப்படி கட்டிய வேகத்தடையின்மேல் நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் நிற்கவே இடம் இருக்கும்; அடி தட்டாது. ஆனால் தளி ரோடு, ராயக்கோட்டை ரோடு பக்கமுள்ள ஊர்களில் அந்த அளவில் எத்தனை வேகத்தடைகள் இருக்கின்றன என்று அந்த வழியில் போகிறவர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் குறுகியவை, உயரமானவை. ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். 40 தாழ்த்தினால் 123. குடும்பத்தை ஏற்றினால் இன்னும் குறையும். பிறகு ஒவ்வொரு வேகத்தடையிலும் குறுக்காக ஏற்றி இறக்கி, பின்னால் வரும் டெம்போக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நெடுஞ்சாலை மட்டும் என்றால் பிரச்னை வேறு மாதிரி. சில்க் போர்டு வரை போகிறவர்களுக்கு, 2010-ல் திறக்கப்பட்ட எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலை சுமார் ஒன்பது கிலோமீட்டர். இணைப்பு இடைவெளிகள் வரிசையாக வரும். ஸ்பிரிங் கடினமாகவும், ஷாக்கின் கம்ப்ரஷன் இறுக்கமாகவும் வைத்த காரில் அது 'தடக் தடக்' என்று இடுப்பில் எண்ணப்படும். ஆகவே சூளகிரி, குருபரப்பள்ளி வழியாக கிருஷ்ணகிரி வரைக்கும் நல்ல ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு 'சூப்பர்' என்று முடிவெடுக்கக் கூடாது. தன் தினசரி வழியில் மிக மோசமான அந்த இரண்டு கிலோமீட்டருக்குத்தான் சஸ்பென்ஷன் வாங்க வேண்டும். மிச்சம் இருபது கிலோமீட்டரை எந்தக் காரும் சமாளித்துவிடும்.

அதற்கும் முன்பு ஒரு சின்னக் கணக்கு. ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போக, வர தினம் சுமார் 40 கிலோமீட்டர். மாதம் ஆயிரம், வருடம் 12,000. ஐந்து வருடத்தில் 60,000. அத்தனை தூரத்தில் ஷாக்கின் எண்ணெயும் சீலும் தளர்ந்திருக்கும். சஸ்பென்ஷன் கைகளின் ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கும். வளைவில் கார் மிதப்பதாகவும், பிரேக் போட்டால் மூக்கு குத்துவதாகவும் தோன்றுவது இதனால் இருக்கலாம். கார் 'ஸ்போர்ட்டியாக இல்லை' என்று கோய்லோவர் தேடுகிறவர்களில் பலருக்கு வேண்டியது, கார் புதிதாக இருந்தபோது எப்படி இருந்ததோ அதுதான். நல்ல புதிய ஷாக்குகள், மேல் மவுன்ட், புஷ்கள், நல்ல டயர், வீல் அலைன்மென்ட். கோய்லோவர் விலையில் ஒரு பகுதியிலேயே முடிந்துவிடும். போலோ வைத்திருப்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். 2022-ல் இந்தியாவில் அந்தக் காரின் கதை முடிந்துவிட்டதால், சாலையில் ஓடுகிற ஒவ்வொரு போலோவுக்கும் வயதாகிக்கொண்டே இருக்கிறது.

செலவைக் குறைக்க சிலர் செய்யும் வேலை, இருக்கிற ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு சுற்றை அறுத்துவிடுவது. இதைச் செய்து கொடுக்கிற ஒர்க்‌ஷாப் பக்கமே போகக் கூடாது. அறுத்த ஸ்பிரிங் அதன் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறிவிடும் ஆபத்தும் உண்டு.

எல்லாம் பார்த்த பிறகும் கோய்லோவர்தான் வேண்டும் என்றால், அது தவறான ஆசை இல்லை. நல்ல கிட்டைச் சரியாகப் பொருத்தினால் கார் வேறு காராகிவிடும். வாரம் முழுக்கத் தனியாக, வாரக் கடைசியில் ஐந்து பேராக ஓட்டுகிற ஒருவருக்கு, அட்ஜஸ்ட் செய்யும் ஷாக் உண்மையிலேயே பயன்படும். ஆனால் எது அட்ஜஸ்ட் ஆகிறது என்று பார்த்து வாங்க வேண்டும். ஜெர்மனியின் கே.டபிள்யூ. நிறுவனத்தில் வேரியன்ட் 1 என்றால் உயரம் மட்டும். 2-ல் ரீபவுண்டும் சேரும். 3-ல் கம்ப்ரஷனும் தனியாக மாற்றலாம். பில்ஸ்டீனில் பி14 உயரத்துக்கு மட்டும், பி16-ல் ஒரே குமிழில் இரண்டு டேம்பிங்கும் சேர்ந்து மாறும். தைவானின் பி.சி. ரேசிங் பி.ஆர். வரிசையில் 30 கிளிக்குகள். அங்கேயும் ஒரே குமிழ்தான். கிளிக் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். பக்கத்துப் பக்கத்துக் கிளிக்குகளுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பந்தய வீரரே உணர்வது கஷ்டம்.

இந்தியக் காருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நம் ரோட்டுக்காக நிறுவனங்கள் இங்கே விற்கும் காரைச் சற்று உயர்த்தியே தருகின்றன. ஐரோப்பிய மாடலுக்காகச் செய்த கிட்டில் '30 மில்லிமீட்டர் தாழும்' என்று எழுதியிருந்தால், அது ஐரோப்பியக் காரின் உயரத்திலிருந்து. இங்கே அதே கிட் 50 தாழ்த்திவிடலாம். சில கிட்டுகளில் வளையத்தை முழுக்க மேலே ஏற்றினாலும் கம்பெனி உயரம் திரும்ப வராது. எனவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இதே மாடல், இதே இன்ஜின், இந்தியக் காரில் போட்டிருக்கிறீர்களா? மிக உயரமாக வைத்தால் வீல் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர்?" பதில் எண்ணாக வர வேண்டும். "அதெல்லாம் பிரச்னை இல்ல சார்" என்பது எண் இல்லை. டீசல் கார் என்றால் முன்பக்க எடை கூடுதல். பெட்ரோலுக்கான ஸ்பிரிங் பொருந்தாது. போல்ட் சேர்ந்துவிடுவதால் மட்டும் பொருத்தம் ஆகிவிடாது.

உயரத்தை மாற்றும் முறையிலும் வித்தியாசம் இருக்கிறது. சிலவற்றில் ஸ்பிரிங் வளையத்தை மட்டும் இறக்குவார்கள்; கார் தாழ்ந்த அளவுக்கு ஷாக் அமுங்கும் தூரமும் குறையும். வேறு சிலவற்றில் ஷாக்கின் அடிப்பகுதியே தனியாகத் திருகிக் குட்டையாகும். அமுங்கும் தூரம் அப்படியே இருக்கும். நம் பள்ளங்களுக்கு இரண்டாவது வகை மேல். ஆனால் அதிலும் அளவு மீறித் தாழ்த்தினால் டயர் உள் லைனரில் உரசும். ஸ்விஃப்ட், போலோ, ஐ20 மூன்றிலும் பின்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி இடத்தில் இருப்பதால், அங்கே ஸ்பிரிங் இருக்கைக்கென்று தனி அட்ஜஸ்டர் வரும். பின் ஷாக்கின் குமிழை எந்த வழியாக எட்டலாம் என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். டிரிம்மையோ ஷாக்கையோ கழற்றினால்தான் எட்டும் என்றால் யாரும் அதைத் திருப்பப் போவதில்லை.

மேல் மவுன்ட் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. பல கிட்டுகளில் ரப்பருக்குப் பதில் உருண்டை உலோக பேரிங் மேல் மவுன்ட் வரும். பந்தயத்துக்கு அது துல்லியம். தினசரி ஓட்டத்தில் 'டக் டக்' சத்தம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிரானைட் தூசும் மழைச் சேறும் சேர்ந்தால் அது சீக்கிரம் தேயும். ரப்பர் மவுன்ட் உள்ள கிட் கிடைத்தால் அதையே எடுக்கலாம். அதே தூசும் சேறும் மரையில் படிந்து வளையம் இறுகிக்கொள்வதும் சகஜம். துருப்பிடிக்காத எஃகில் செய்த உடம்பா, மரைக்கு உறை வருகிறதா, சீல் போனால் இந்தியாவிலேயே ரிப்பேர் செய்து தருவார்களா என்பதெல்லாம் வாங்கும் முன்பே கேட்க வேண்டியவை. ஒரு ஷாக் லீக் ஆனதும் கார் மூன்று மாதம் ஷெட்டில் நிற்கும் நிலை வரக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, நிறுவனம் தந்த விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் மாறுபாடு வரும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு, வெளியிலிருந்து பொருத்தும் பாகங்களையும் சேர்த்தே, ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. ஆர்.சி.யில் காரின் தரை இடைவெளிக்கென்று கட்டம் இல்லை என்பதை வைத்துத் தப்பிவிடலாம் என்று கடைக்காரர்கள் ஆறுதல் சொல்வார்கள். அது அவர்களுக்கு ஆறுதல். மத்தியச் சட்டம் என்பதால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். ஜெர்மனியில் இப்படிப்பட்ட கிட்டுகள் சோதனைச் சான்றிதழோடு விற்கப்படும். எந்த உயரம் வரை தாழ்த்தலாம் என்று அதில் எழுதியிருக்கும். பொறியாளர் காரைப் பரிசோதித்து ஆவணத்தில் பதிவு செய்வார். இங்கே அந்த ஏற்பாடு இல்லாததால் பொறுப்பு முழுக்க உரிமையாளர் தலையில். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்டுபிடித்துச் சொல்லும் நிலை வந்தால் க்ளெய்ம் சிக்கலாகும். வாரன்டி உள்ள கார் என்றால் சஸ்பென்ஷன் சார்ந்த வாரன்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

பொருத்திய பிறகு செய்ய வேண்டிய வேலைதான் பாதிப் பேருக்குத் தெரியாதது. உயரத்தைக் கம்பெனி அளவிலிருந்து 10, மிஞ்சினால் 15 மில்லிமீட்டருக்கு மேல் குறைக்காமல் இருப்பது ஓசூர் ரோட்டுக்குப் போதும். அதற்குமேல் இறக்கினால் கேம்பர், டோ கோணங்கள் மாறி டயரின் உள் விளிம்பு சத்தமில்லாமல் தேயும். உயரம் வைத்த பிறகுதான் அலைன்மென்ட்; அலைன்மென்ட் செய்துவிட்டு உயரத்தை மாற்றினால் செய்த காசு வீண். ஹெட்லைட் கோணத்தையும் சரிபார்க்க வேண்டும். பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கினால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

டேம்பிங் குமிழை முழுக்க இறுக்கி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி நடுவில் வைத்துத் தொடங்குவது வழக்கம். பிறகு மூன்று நான்கு கிளிக் வீதம், முன்பக்கம் ஒரு நாள், பின்பக்கம் ஒரு நாள் என்று மாற்றி, அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்து, எண்ணை மொபைலில் குறித்துக்கொள்ளலாம். பள்ளத்துக்குப் பிறகு கார் இரண்டாவது முறை ஆடினால் டேம்பிங் போதவில்லை. தொடர்ச்சியான சிறு மேடுகளில் கார் மேலும் மேலும் அமுங்கிக்கொண்டே போனால் ரீபவுண்ட் அதிகம். சக்கரம் திரும்ப இறங்க நேரம் கிடைக்கவில்லை. ஏற்காடு போகும் நாளுக்கென்று பின்பக்கத்துக்கு ஓர் எண், ஆபீஸ் நாளுக்கு ஓர் எண் கண்டுபிடித்துவிட்டால் கொடுத்த காசுக்கு வேலை நடந்துவிட்டது.

ஆயிரம் கிலோமீட்டரில் எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கி, ஸ்பிரிங் படிந்து உயரம் மாறியிருக்கிறதா என்று நான்கு சக்கரத்திலும் அளந்து பார்க்க வேண்டும். கழற்றிய பழைய ஷாக், ஸ்பிரிங், மவுன்ட்களை 'முன் இடது', 'முன் வலது' என்று டேப் ஒட்டி எழுதி, கிழியாத சாக்கில் கட்டி வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. நல்ல நிலையில் இருந்தால் காரை விற்கும்போது அவற்றையே திரும்ப மாட்டி, கோய்லோவரைத் தனியாக விற்கலாம். பழைய காரை வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பின் சீட்டில் அப்பாவை உட்காரவைத்துத்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள்.